ஒரு சாலை, 19 மாதம்: ஜெயசிக்குறு நடவடிக்கை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ராமநாதபுரத்தில் பஸ் ஏறி பரமக்குடி போய்த் திரும்பி வந்தால் 75 கிலோமீட்டர் சொச்சம் ஆகும். இலங்கையில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையே உள்ள தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தச் சாலையைத் திறப்பதற்காக இலங்கை ராணுவம் 1997 மே 13ஆம் தேதி ஒரு பெரும் நடவடிக்கையைத் தொடங்கியது. பெயர் ஜெயசிக்குறு. சிங்களத்தில் நிச்சய வெற்றி என்று பொருள். சுமார் 20,000 படையினர், டாங்கிகள், பீரங்கிகள், குண்டுவீச்சு விமானங்கள் எல்லாம் இறங்கின. 1998 டிசம்பர் தொடக்கத்தில் அதைக் கைவிட்டபோது ஏறக்குறைய 19 மாதம் ஓடிவிட்டது. சாலை திறக்கவில்லை.

மண்டபத்தில் அந்தப் போரை நாங்கள் தினமும் பின்தொடர்ந்தோம். அரிச்சல்முனையிலிருந்து பார்த்தால் தலைமன்னார் 30 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அந்தச் சாலை ஓடும் வன்னிப் பகுதியில் ஒரு ஊர் பெயர் வானொலியில் அடிபட்டால், சில நாள் கழித்து ஏதோ ஒரு விடியலில் தனுஷ்கோடி மணல்திட்டில் நனைந்த துணியோடு அந்த ஊர்க் குடும்பம் நின்றுகொண்டிருக்கும். அந்த நாட்களில் எனக்கு 14 வயது.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. 2023 ஆகஸ்டில் எங்கள் ஊர் டீக்கடையில் உக்ரைன் பற்றிப் பேச்சு வந்தது. உக்ரைன் படை ஜூன் தொடக்கத்தில் தெற்கே எதிர்த்தாக்குதல் தொடங்கி, மூன்று மாதம் ஆகப்போகிறது. விசைப்படகில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டி, “இம்புட்டு ஆயுதம் வாங்கியும் ஒரு ஊரைத் தாண்ட முடியல, என்னண்ணே சண்டை இது?” என்று கேட்டார். அங்கே உட்கார்ந்திருந்த எங்கள் பழைய கணக்கு வாத்தியார் என்னைப் பார்த்து, “புளியங்குளம் ஞாபகம் இருக்காப்பா?” என்றார். இருந்தது. நிலப்போர் ஏன் மெதுவாக நகர்கிறது, அதை அரசியல் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் அதுதான்.

ஏன் அந்தச் சாலை

சந்திரிகா குமாரதுங்க 1994இல் சமாதானம் கொண்டுவருவேன் என்று சொல்லி ஆட்சிக்கு வந்தவர். 1995 ஜனவரியில் போர்நிறுத்தம் வந்தது. ஏப்ரலில் திருகோணமலையில் புலிகள் கடற்படைக் கப்பல்களைத் தகர்த்ததோடு அது முடிந்தது. அந்த அக்டோபரில் ராணுவம் யாழ்ப்பாணத்தை நோக்கிக் கிளம்பி டிசம்பரில் நகரைப் பிடித்தது. அதற்கு முன்பே மக்கள் லட்சக்கணக்கில் வெளியேறி, பலர் வன்னிக்குப் போயிருந்தார்கள். புலிகளின் தளமும் வன்னிக்கு மாறியது. 1996 ஜூலையில் அவர்கள் முல்லைத்தீவு முகாமைத் தாக்கி அழித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் இறந்தார்கள். இரண்டு 122 மில்லிமீட்டர் பீரங்கிகள் புலிகளின் கைக்குப் போயின. பதிலுக்கு ராணுவம் குடாநாட்டின் வாசலான ஆனையிறவிலிருந்து தெற்கே இறங்கி அந்த செப்டம்பரில் கிளிநொச்சியைப் பிடித்தது.

இதனால் ஒரு விசித்திர நிலைமை உண்டானது. யாழ்ப்பாணக் குடாநாடும் கிளிநொச்சியும் அரசின் கையில். வவுனியாவும் அரசின் கையில். நடுவே உள்ள வன்னி புலிகளின் கையில். குடாநாட்டில் இருந்த பல்லாயிரம் படையினருக்கும் லட்சக்கணக்கான மக்களுக்கும் அரிசியிலிருந்து தோட்டா வரை கப்பலிலோ விமானத்திலோதான் போக வேண்டும். கடலில் கடற்புலிகள், வானத்துக்கு ஏவுகணை. நடுவில் கிடக்கும் இந்த 75 கிலோமீட்டரைப் பிடித்துவிட்டால் லாரியிலேயே எல்லாம் போய்விடும். காகிதத்தில் பார்த்தால் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

வாத்தியாரின் காலண்டர்

மண்டபம் அகதிகள் முகாமுக்கு வெளியே இருந்த டீக்கடையில் சாயங்காலமானால் ஒரு கூட்டம் சேரும். முகாமில் இருந்த ஒருவர் அங்கே தவறாமல் வருவார். ஓமந்தைப் பக்கத்து ஊர்க்காரர். யாழ்ப்பாணத்து வெங்காயத்தையும் மிளகாயையும் கொழும்புக்கு ஏற்றிய லாரி டிரைவர். நாங்கள் அவரை லொறி மாமா என்று கூப்பிடுவோம். அந்தச் சாலைக்கு ஏ9 என்று பெயர், ஆனால் அவர் அப்படிச் சொல்லவே மாட்டார். கண்டி றோட்டு. எந்த வளைவில் எந்த மதகு இருக்கிறது, எங்கே மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

மே மாதம் நடவடிக்கை தொடங்கியதும் கணக்கு வாத்தியார் ஒரு மாதக் காலண்டர் தாளைக் கிழித்து, அதன் வெள்ளைப் பக்கத்தில் அடிக்கோல் வைத்து நேராக ஒரு கோடு போட்டார். கீழே வவுனியா, மேலே கிளிநொச்சி. நடுவே லொறி மாமா சொல்லச் சொல்ல ஊர்களைப் புள்ளி வைத்தார். தாண்டிக்குளம், ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி. வலது பக்கம் தள்ளி நெடுங்கேணி. ஊருக்கு ஊர் குளம் என்று முடிவதைப் பார்த்து, நம்ம ஊர்க் கண்மாய்கள் மாதிரிதான் போல என்று வாத்தியார் சொன்னது நினைவிருக்கிறது. கோட்டின் ஓரத்தில் தேதிகளை எழுதினார். இலங்கை வானொலியும் பிபிசி தமிழோசையும் ஒன்றுபோலச் சொன்னால் சிவப்பு மை. ஒன்று மட்டும் சொன்னால் நீல மை. அந்தத் தாள் இன்னும் அவரிடம் இருக்கிறது. மடிப்பில் கிழிந்து, செலோடேப் மஞ்சளாகி, ஓமந்தை என்ற எழுத்து பாதி அழிந்துவிட்டது. நீலம்தான் அதிகம்.

முதல் சில நாட்களில் படை வேகமாகப் போனது. ஒரு பிரிவு வவுனியாவிலிருந்து சாலை வழியே ஓமந்தையைப் பிடித்தது. இன்னொன்று கிழக்கே மணலாற்றுப் பக்கத்திலிருந்து வந்து நெடுங்கேணியைப் பிடித்தது. இரண்டும் புளியங்குளத்தில் கைகோக்க வேண்டும், அங்கே இரண்டு சாலைகள் சேர்கின்றன. வாத்தியார் விகித சமக் கணக்கு போட்டார். இந்த வேகத்தில் போனால் ஆடி மாதத்துக்குள் கிளிநொச்சி. லொறி மாமா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “மாஸ்ரர், நீங்கள் றோட்டை அளக்கிறியள். அவங்கள் றோட்டுக்கு ரெண்டு பக்கமும் காட்டுக்குள்ள இருக்கிறாங்கள்.”

ஜூன் 10ஆம் தேதி அது புரிந்தது. படையின் முன்முனை ஓமந்தையைத் தாண்டி நிற்கிறது. புலிகள் முன்முனையை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் தாண்டிக்குளத்திலும் நொச்சிமோட்டையிலும் இருந்த தளங்களைத் தாக்கினார்கள். அங்கேதான் வெடிமருந்துக் குவியல் இருந்தது. அது எரிந்தது. இரண்டு வாரத்தில் பெரியமடுப் பக்கம் இன்னொரு தாக்குதல். ஆகஸ்ட் 1ஆம் தேதி ஓமந்தையிலேயே மறுபடி தாக்குதல். பிடித்த ஊரைப் பிடித்தாகிவிட்டது என்று சிவப்பு மையில் எழுதிய பிறகும் அதே ஊர்ப் பெயர் மறுபடி மறுபடி செய்தியில் வந்தது. வாத்தியாருக்கு அது பெரிய குழப்பமாக இருந்தது.

அப்புறம் புளியங்குளம். இரண்டு படைமுனைகளும் சேர வேண்டிய அந்தச் சந்தியைப் புலிகள் பதுங்கு குழிகளாலும் டாங்கி இறங்கினால் ஏற முடியாத அகழிகளாலும் ஒரு கோட்டை போல ஆக்கியிருந்தார்கள். ஜூனிலும் ஆகஸ்டிலும் ராணுவம் டாங்கிகளோடு உள்ளே புகப் பார்த்தது. சாலை ஒன்றுதான், இருபுறமும் அடர்ந்த காடு. டாங்கிக்கு விலக இடமில்லை. டாங்கிக்குள் இருப்பவருக்கு நூறு அடிக்கு அப்பால் தெரியாது. காட்டுக்குள் இருப்பவரோ டாங்கி எந்த இடத்துக்கு வரும் என்று முன்கூட்டியே அளந்து, மோட்டாரைக் குறிவைத்துக் காத்திருப்பார். அந்த ஆண்டு ராணுவத்துக்காக ஜிம்பாப்வேயில் வாங்கிய 30,000க்கும் மேற்பட்ட 81 மில்லிமீட்டர் மோட்டார் குண்டுகள் கப்பலோடு திசைமாறிப் புலிகளிடம் போய்ச் சேர்ந்ததையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். காசு கொடுத்து வாங்கியவர்களின் தலையிலேயே அவை விழுந்தன.

மாதக்கணக்கில் மோதிய பிறகு ராணுவம் புளியங்குளத்தை நேராகப் பிடிக்கும் எண்ணத்தை விட்டது. காட்டைச் சுற்றிக்கொண்டு வடக்கே கனகராயன்குளம் பக்கம் போனது. முதுகுப்புறம் அடைபடப் போவதைப் பார்த்துப் புலிகள் புளியங்குளத்தைவிட்டு விலகினார்கள். அதற்குள் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. எங்களுக்குப் பெய்யும் அதே மழை. கண்மாய் நிறைகிறதே என்று இங்கே சந்தோஷப்பட்ட வாரங்களில் அங்கே டாங்கிகள் சேற்றில் நின்றன.

விலாவின் கணக்கு

இந்த ஆய்வில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் பகுதி இதுதான். படை ஒரு கிலோமீட்டர் முன்னே போனால் அதன் கணக்கில் ஒரு கிலோமீட்டர் கூடுகிறது. காக்க வேண்டிய நீளமோ இரண்டு கிலோமீட்டர் கூடுகிறது. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இந்தப் பக்கங்களைத்தான் விலா என்கிறேன்.

டிசம்பர் வாக்கில் வாத்தியார் தாளின் ஓரத்தில் இதைப் போட்டுப் பார்த்தார். மாங்குளம் வரை போவதாக வைத்துக்கொண்டால் வவுனியாவிலிருந்து 50 கிலோமீட்டர். இரு பக்கமும் சேர்ந்து 100. நூறு மீட்டருக்கு ஒரு பங்கர் என்றால் ஆயிரம் பங்கர். ஒரு பங்கரில் நாலு பேர் என்றால் நாலாயிரம் பேர். நாலு பேரில் ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான் விழித்திருக்க முடியும். ஒரு இடத்தில் அடி விழுந்தால் ஓடிப்போய் உதவ இன்னொரு கூட்டம் பின்னால் வேண்டும். இத்தனை பேருக்கும் சோறும் தண்ணீரும் தோட்டாவும் கொண்டுபோக ஆள் வேண்டும், அந்த வண்டிகளுக்குக் காவல் வேண்டும். காயம்பட்டவர், மலேரியாக் காய்ச்சலில் படுத்தவர், விடுப்பில் போனவர், திரும்பாதவர் எல்லாரையும் கழிக்க வேண்டும். இவையெல்லாம் வாத்தியார் தானாக வைத்துக்கொண்ட எண்கள்தான். ஆனால் விடை எந்தப் பக்கம் போகிறது என்பதில் சந்தேகம் இல்லை. முனையில் நின்று சண்டை போட மிச்சம் இருப்பவர்கள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் குறைந்துகொண்டே வருவார்கள்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், நாட்டுப்படகில் போய்வருபவர், தாளை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “வல்லத்துல நாலு பேருதான் இருக்கோம். மீனு இருக்குன்னு வலையை மட்டும் ரெண்டு பங்கு விட்டா, காத்து திரும்புறதுக்குள்ள எப்புடி ஏத்துறது?” என்றார். லொறி மாமா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

ராணுவத்துக்கு இது தெரியாது என்று நான் நினைக்கவில்லை. ஓடிப்போன படையினருக்குத் திரும்பத் திரும்பப் பொதுமன்னிப்பு அறிவித்தார்கள் என்பதே ஆள் போதவில்லை என்பதற்குச் சாட்சி. தெரிந்திருந்தும் ஏன் முன்னேறிக்கொண்டே இருந்தார்கள் என்பதற்குப் பதில் கொழும்பில் இருந்தது.

கொழும்பின் தேதிகள்

சந்திரிகாவின் கொள்கைக்கு அப்போது சமாதானத்துக்கான போர் என்று பெயர். ஒரு கையில் அதிகாரப் பகிர்வுத் திட்டம், மறு கையில் ராணுவம். அந்தத் திட்டத்தைச் சட்டமாக்க நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அவருடைய கூட்டணிக்கு இருந்ததோ மயிரிழைப் பெரும்பான்மை. சிங்கள வாக்காளர்கள் தமிழர்களுக்கு அதிகாரம் கொடுக்கச் சம்மதிக்க வேண்டுமென்றால், முதலில் போர்க்களத்தில் வெற்றியைக் காட்ட வேண்டும் என்று அரசு கணக்குப் போட்டது. காட்டக்கூடிய வெற்றி எது? யாழ்ப்பாணம் போகும் பஸ். ஆகவே சாலை ஒரு ராணுவ இலக்காக மட்டும் இருக்கவில்லை, தேர்தல் வாக்குறுதி மாதிரி ஆனது.

போரை நடத்திய பாதுகாப்புத் துணை அமைச்சர் அனுருத்த ரத்வத்த ஜனாதிபதி சந்திரிகாவின் உறவினர், யாழ்ப்பாணத்தைப் பிடித்த பெருமை அவர் பெயரில் இருந்தது. 1998 பிப்ரவரி 4 இலங்கைச் சுதந்திரத்தின் பொன்விழா. அதற்குள் பாதை திறந்துவிடும் என்ற பேச்சு தெற்கில் பலமாக இருந்தது. அதற்குப் பத்து நாள் முன்னால், ஜனவரி 25ஆம் தேதி, புலிகள் புத்தரின் பல் இருக்கும் கண்டி தலதா மாளிகையில் லாரிக் குண்டை வெடித்தார்கள். வழிபட வந்தவர்களும் இறந்தார்கள். விழாவைக் கண்டியிலிருந்து கொழும்புக்கு மாற்றினார்கள். ஒரு வழிபாட்டுத் தலத்தைக் குண்டுவைத்துத் தகர்த்த அந்தச் செயலை எங்கள் டீக்கடையிலும் சிலர் நியாயப்படுத்தினார்கள். இன்று நினைத்தாலும் எனக்கு வேதனையாக இருக்கிறது.

தேதி தவறியதும் அரசு செய்தியைப் பிடித்தது. 1998 ஜூனில் ராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை வந்தது. வாத்தியாரின் தாளில் அதன் பிறகு சிவப்பு மையே அநேகமாக இல்லை. ஆகஸ்டில் அரசு நாடு முழுவதும் அவசரநிலை அறிவித்து, நடக்கவிருந்த ஐந்து மாகாண சபைத் தேர்தல்களை ஒத்திவைத்தது. படையையும் போலீஸையும் தேர்தல் காவலுக்கு அனுப்ப முடியாது என்பது சொல்லப்பட்ட காரணம். அந்த ஒத்திவைப்பு சட்டத்துக்குப் புறம்பானது என்று 1999 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரு சாலையைத் திறக்கத் தொடங்கிய போர், தெற்கில் மக்களின் வாக்குரிமையைத் தள்ளிவைப்பது வரை போய்விட்டது.

முன்னேற்றத்தைக் கிலோமீட்டரில் கேட்கும் அரசுக்குத் தளபதிகள் கிலோமீட்டரைத்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். இங்கே நின்று ஆறு மாதம் பலப்படுத்த வேண்டும் என்று சொல்பவர் தயங்குபவராகத் தெரிவார். இந்த அழுத்தம் தனிமனிதர்களின் குணத்தால் வந்ததாக நான் பார்க்கவில்லை. தேதியை முன்னால் வைத்துவிட்டுச் சண்டையைப் பின்னால் வைத்தால் எந்த நாட்டிலும் இது நடக்கும்.

எத்தனை பேராம்

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் பலர் ஒவ்வொரு தடுப்புச் சண்டையையும் கொண்டாடினார்கள். புளியங்குளம் விழவில்லை என்றால் டீக்கடையில் ஒரு உற்சாகம். முகாமிலிருந்து ஒரு ஆச்சி பேரனுக்கு பன் வாங்க வருவார். அவருடைய மகன் இயக்கத்தில் இருந்தான். விரும்பிப் போனானா, கொண்டுபோனார்களா என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கூட்டம் சத்தமாக இருக்கும் நாட்களில் அவர் வாசலில் நின்று ஒரே கேள்வி கேட்பார். “எத்தனை பேராம்?” எந்தப் பக்கம் என்று யாராவது திருப்பிக் கேட்டால், “எல்லாரும்தான்” என்பார். கடை அமைதியாகிவிடும்.

புலிகள் அந்தச் சாலையை 19 மாதம் தடுத்ததற்குக் கொடுத்த விலை அதில் இருக்கிறது. இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். புலிகளின் பக்கம் இறந்தவர்களில் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். வன்னியில் மாற்றுக் குரல் எழுப்ப இடமில்லை. இன்னொரு பக்கம், அரசு வன்னிக்குள் போகும் மருந்தையும் எரிபொருளையும் சிமெண்டையும் பேட்டரியையும் கட்டுப்படுத்தியது. முன்முனை நகரும்போதெல்லாம் நாலைந்து ஊர்கள் கிளம்பி இன்னும் உள்ளே போயின. அதில் ஒரு சிறு பகுதிதான் எங்கள் கரைக்கு வந்தது.

இந்தியாவில் நடந்த அரசியலும் அதே மாதங்களில்தான். ராஜீவ் காந்தி கொலை பற்றிய ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கையால் 1997 நவம்பரில் குஜ்ரால் அரசு கவிழ்ந்தது. தமிழ்நாட்டில் ஈழம் என்ற சொல்லே கவனமாகப் பேச வேண்டிய சொல்லாக இருந்தது. வாத்தியாரின் காலண்டர் தாள் ஏன் எப்போதும் அவருடைய சட்டைப் பைக்குள் மடிந்தே இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

இரண்டு ஊர்கள் கைமாறிய வாரம்

1998 செப்டம்பர் கடைசி வாரம். ராணுவம் தன் முழு பலத்தையும் திரட்டி மாங்குளத்தை நோக்கிப் போனது. செப்டம்பர் 26ஆம் தேதி இரவு புலிகள் அதற்கு வடக்கே கிளிநொச்சியைத் தாக்கத் தொடங்கினார்கள். ஓயாத அலைகள் இரண்டு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பிப்ரவரியில் அதே ஊரைத் தாக்கி முழுதாகப் பிடிக்க முடியாமல் திரும்பியவர்கள் இம்முறை மூன்று நாளில் பிடித்துவிட்டார்கள். அந்த வார முடிவில் மாங்குளம் ராணுவத்தின் கையில், கிளிநொச்சி புலிகளின் கையில்.

இதை யோசித்துப் பாருங்கள். சாலையின் நோக்கமே கிளிநொச்சியைப் போய்த் தொடுவது. தொட வேண்டிய முனையே இல்லாமல் போய்விட்டது. அதே செப்டம்பர் 29ஆம் தேதி யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குக் கிளம்பிய பயணிகள் விமானம் ஒன்று வடமேற்குக் கடலில் விழுந்து 55 பேர் இறந்தார்கள். சாலை இல்லாததால் வானத்தில் போனவர்கள். வாத்தியார் அன்று தாளில் மாங்குளத்துக்கு நேரே நீலத்தில் ஒரு குறி, கிளிநொச்சிக்கு நேரே நீலத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார். அதற்குப் பிறகு அந்தத் தாளில் எதுவும் எழுதப்படவில்லை.

விலாவின் கணக்குக்கு முழு விடை அடுத்த ஆண்டு வந்தது. 1999 டிசம்பரில் ஜனாதிபதித் தேர்தல் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். நவம்பர் 2ஆம் தேதி புலிகள் ஒட்டுசுட்டானில் தொடங்கினார்கள். நெடுங்கேணி, மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம் எல்லாம் ஒரு வாரத்துக்குள் போயின. 19 மாதம் பிடித்த நிலம் ஏழு நாளில் போனது. படையினர் கோழைகளாக மாறிவிட்டதால் அப்படி நடக்கவில்லை. நீண்டு மெலிந்த கோட்டில் ஒரு இடம் உடைந்தால் அடுத்த இடத்தில் இருப்பவருக்கு முதுகுப்புறம் திறந்துவிடுகிறது, அவர் விலகித்தான் ஆக வேண்டும். கயிறு பிரிவது மாதிரி. 2000 ஏப்ரலில் ஆனையிறவும் விழுந்தது.

மறுமுறை, வேறு விதமாக

பத்தாண்டு கழித்து அதே ராணுவம் அதே வன்னியைப் பிடித்தது. கண்டி றோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு போகவில்லை. மன்னார்ப் பக்கம், வவுனியாப் பக்கம், மணலாற்றுப் பக்கம், வடக்கே முகமாலை என்று ஒரே சமயத்தில் பல முனைகளைத் திறந்தது. ஆள் எண்ணிக்கையைப் பெருக்கியது. சிறு சிறு குழுக்களைக் காட்டுக்குள் அனுப்பியது. அப்போதும் மெதுவாகத்தான் போனார்கள். மன்னார்க் கரையோரம் விடத்தல்தீவு வர 2008 ஜூலை ஆனது. ஆனால் நிலத்தைவிட எதிராளியின் ஆள்பலத்தைக் குறைப்பதை அளவாக வைத்தார்கள். விலா இல்லாத அகன்ற முனையாக நகர்ந்தார்கள். 2009 ஜனவரி 2ஆம் தேதி கிளிநொச்சி விழுந்தது.

இதை வெற்றிகரமான மாற்று வழி என்று ராணுவப் பாடத்தில் எழுதுகிறார்கள். என்னால் அப்படி எழுத முடியாது. அந்த அகன்ற முனைக்கு முன்னால் மக்கள் அடைபட்டு, கடைசியில் முள்ளிவாய்க்கால் மணலில் நின்றார்கள். தப்பி வரப் பார்த்தவர்களைப் புலிகள் சுட்டார்கள். பாதுகாப்பு வலயம் என்று அரசே அறிவித்த இடங்களில் செல் விழுந்தது. 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் சொன்னது. இங்கே மனிதச்சங்கிலி நடந்தது, உண்ணாவிரதம் நடந்தது, நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. மே 16ஆம் தேதி நம் ஓட்டுகளை எண்ணி முடித்தார்கள். இரண்டு நாளில் அங்கே போர் முடிந்தது. மெதுவான போரைப் பார்த்து ஏன் இன்னும் முடியவில்லை என்று கேட்கும் யாருக்கும் வேகமாக முடிந்த அந்த ஐந்து மாதத்தை நினைவுபடுத்தத் தோன்றுகிறது.

லொறி மாமா அந்த நேரத்தில் கிளிநொச்சிப் பக்கம் இருந்தார். 2008க்குப் பிறகு அவரைப் பற்றி எங்களுக்குத் தகவல் இல்லை.

டீக்கடையில் தம்பி கேட்ட கேள்விக்குத் திரும்புகிறேன். உக்ரைன் வேறு நிலம், வேறு நியாயம். தன் நாட்டுக்குள் புகுந்த படையை வெளியேற்ற நடந்த போர் அது. காடு இல்லை, திறந்த வயல்வெளி. காட்டின் வேலையைக் கண்ணிவெடி வயல்களும் தலைக்கு மேல் சுற்றும் டிரோன்களும் செய்தன. ஒளிந்துகொண்டு ஒரு டாங்கி அணியைக் கூட்டவே முடியாது. ஆகஸ்ட் 28ஆம் தேதி ரொபோத்தினே என்ற சிறு கிராமத்தை மீட்டதாக அறிவித்தார்கள். போக நினைத்தது தோக்மாக் வழியாக அசோவ் கடற்கரைக்கு. ரொபோத்தினேயில் அவர்கள் நின்ற வடிவத்தை வரைபடத்தில் பார்த்தபோது, வாத்தியார் விரலால் அதன் இரண்டு ஓரத்தையும் தடவிக் காட்டினார். குறுகலாக உள்ளே நீண்ட ஒரு விரல். மூன்று பக்கமும் எதிராளி. தம்பிக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

தேதிகளின் அழுத்தமும் அதே மாதிரிதான். ஆயுதம் கொடுத்த நாடுகள் கோடை முடிவதற்குள் விளைவைக் கேட்டன. நவம்பரில் தளபதி ஜலுஷ்னி, முதல் உலகப்போரைப் போல இரு தரப்பும் நகர முடியாத நிலைக்கு வந்துவிட்டோம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதிபர் அலுவலகத்துக்கு அது பிடிக்கவில்லை. 2024 பிப்ரவரியில் அவரை மாற்றினார்கள். அமெரிக்காவின் 61 பில்லியன் டாலர் உதவி அந்த நாட்டு நாடாளுமன்றச் சண்டையில் மாதக்கணக்கில் மாட்டி, 2024 ஏப்ரலில்தான் வந்தது. அந்த இடைவெளியில் முன்முனையில் பீரங்கிக் குண்டு எண்ணி எண்ணிச் சுட்டார்கள். ஜலுஷ்னி சொன்ன உண்மையைச் சொல்ல ஜெயசிக்குறுவில் யாருக்காவது இடம் கிடைத்திருந்தால், 1997 டிசம்பரிலேயே நிறுத்தியிருக்கலாம் என்று நான் நம்புகிறேன். அதற்குப் பிறகு ஒரு வருடத்தில் செத்தவர்கள் எல்லாரும் மிச்சமாகியிருப்பார்கள்.

முறிகண்டி

சாலை கடைசியில் திறந்தது. 2002 பிப்ரவரியில் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க அரசுக்கும் புலிகளுக்கும் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது. ஏப்ரல் 8ஆம் தேதி யாழ்ப்பாணம் வரை கண்டி றோட்டில் வண்டி ஓடியது. ஒரு தோட்டா செலவில்லை. ராணுவத்தின் சோதனைச் சாவடி ஓமந்தையில், புலிகளின் சாவடி புளியங்குளத்தில், நடுவே செஞ்சிலுவைச் சங்கத்தார். 1997 ஜூனில் இரண்டு தரப்பும் நின்ற அதே இடங்கள். அந்த ஏற்பாடு 2006 ஆகஸ்டு வரை நீடித்தது.

லொறி மாமா சாலை திறந்த அந்த 2002ஆம் வருடம் ஊருக்குக் கிளம்பினார். சென்னையிலிருந்து விமானம், கொழும்பிலிருந்து வவுனியாவுக்கு பஸ். சில மாதம் கழித்து, முகாமுக்குத் திரும்பி வந்த ஒருவர் கையில் வாத்தியாருக்கு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார். கூடவே ஒரு கடிதம். வவுனியாவிலிருந்து முறிகண்டிக்கு, சோதனை எல்லாம் சேர்த்து ஆறு மணித்தியாலம் ஆனது, முந்தி லொறியில் ஒன்றரை மணித்தியாலம் என்று எழுதியிருந்தார். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்தாராம். கண்டி றோட்டில் போகிற எந்த வண்டியும் அங்கே நிற்காமல் போகாது என்று எங்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். கடைசி வரியில், கோயிலடிக் கச்சான் அனுப்பியிருக்கிறேன், பிள்ளைகளுக்கும் கொடுங்கள் என்று இருந்தது.

எங்கள் கரையில் கச்சான் என்றால் மேல்காற்று. காற்றை எப்படிக் கட்டி அனுப்புவார் என்று நாட்டுப்படகுப் பெரியவர் கேட்டார். வாத்தியார் பொட்டலத்தைப் பிரித்தார். தோலோடு வறுத்த வேர்க்கடலை. கடல் தாண்டி வந்ததில் கொஞ்சம் நமுத்திருந்தது. டீக்கடைப் பலகையில் கொட்டினார், ஆளுக்கு ஒரு கை எடுத்துக்கொண்டோம். ஆச்சி தன் பங்கைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு முகாமுக்குள் போனார்.